கிராஸ்மனின் விரிவுக் கோட்பாடு: ஒரு மதிப்பீடு

மிதிவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். உங்கள் கை கொடுக்கும் விசை விளிம்பை ஒட்டிச் செல்கிறது. சக்கரமும் தன் தளத்திலேயே சுழல்கிறது. ஆனால் இயற்பியல் பாடநூலைத் திறந்தால், இந்த விசையின் திருப்புத்திறன் என்னும் வெக்டர், சக்கரத்துக்குச் செங்குத்தாக அச்சின் வழியே நீட்டி வரையப்பட்டிருக்கும். "அந்தத் திசையில எதுவுமே போகலையே சார், அம்பு மட்டும் ஏன் அங்க போகுது?" என்று முதலாண்டு மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார். நான் வலக்கை விதியைச் சொன்னேன். விரல்களை மடக்கி, கட்டைவிரலை நீட்டிக் காட்டினேன். நான் சொன்னது விதியைத்தான், காரணத்தை அன்று என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நான் மாணவனாக இருந்த காலத்திலும் இக்கேள்விக்கு இதே கட்டைவிரல்தான் விடையாகக் கிடைத்தது.

சரியான விடை 1844ஆம் ஆண்டிலேயே அச்சாகிவிட்டது. அதை எழுதியவர் ஹெர்மன் கிராஸ்மன் என்ற பள்ளி ஆசிரியர். பிரஷ்ய நாட்டின் ஷ்டெட்டின் நகரில் 1809இல் பிறந்து, 1877இல் அந்நகரிலேயே மறைந்தவர். (அந்நகர் இன்று போலந்து நாட்டில் ஷ்செச்சின் என்ற பெயரில் இருக்கிறது.) நூலின் பெயரைத் தமிழில் 'விரிவுக் கோட்பாடு' எனலாம்.

கிராஸ்மனைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாக ஒரு சோகக் கதையைச் சொல்வார்கள். மேதை எழுதினார், உலகம் படிக்கவில்லை, நூல் விற்கவில்லை, 1864இல் பதிப்பகத்தார் ஏறத்தாழ 600 பிரதிகளைப் பழைய காகிதமாக்கிவிட்டனர். இவை அனைத்தும் உண்மையே. பதிப்பகத்தாரே 1876இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் இதைத் தெரிவித்திருக்கின்றனர். ஆனால் இந்தக் கதை உலகத்தை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. நூலை விசாரிப்பதில்லை. அவருடைய இயற்கணிதத்தை மதிப்பிட வேண்டுமானால் நூலையும் விசாரித்தாக வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அந்த இயற்கணிதம் என்ன என்று பார்ப்போம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராஸ்மன் தொடங்கிய இடம் மிக எளியது. ஒரு நேர்கோட்டில் க, ச, ட என்று மூன்று புள்ளிகள். க-விலிருந்து ச-வுக்குச் சென்று, பின் ச-விலிருந்து ட-வுக்குச் சென்றால், மொத்தத்தில் க-விலிருந்து ட-வுக்குச் சென்றதாகிறது. ட என்ற புள்ளி க-வுக்கும் ச-வுக்கும் நடுவில் இருந்தாலும் இது பொருந்தும். திரும்பி வந்த தூரத்தை எதிர்க்குறியுடன் எடுத்துக்கொண்டால் போதும். மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால்? அப்போதும் இதையே கூட்டல் என்று வைத்துக்கொண்டால் என்ன? இன்று நாம் வெக்டர் கூட்டல் என்று கற்பது இதைத்தான்.

அடுத்தது பெருக்கல். அவருடைய தந்தை யூஸ்டஸ் கிராஸ்மனும் அவ்வூரில் கணித, இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். செவ்வகம் என்பது நீளம், அகலம் ஆகிய எண்களின் பெருக்கல் மட்டுமன்று, அக்கோடுகளின் பெருக்கலே என்று தம் பள்ளி நூலில் அவர் குறிப்பிட்டிருந்தார். மகன் இதைப் பிடித்துக்கொண்டார். அ என்ற கோட்டுத்துண்டை ஆ என்ற கோட்டுத்துண்டின் வழியே நகர்த்தினால் ஓர் இணைகரம் உண்டாகிறது. அந்த இணைகரமே அ∧ஆ. ஒரு துண்டைத் தன் வழியே நகர்த்தினால் பரப்பு எதுவும் உண்டாகாது. எனவே அ∧அ = 0, ஆ∧ஆ = 0.

இதிலிருந்து என்ன வருகிறது என்று பாருங்கள். (அ+ஆ) என்பதும் ஒரு துண்டுதான். ஆகவே (அ+ஆ)∧(அ+ஆ) = 0. இதை விரித்து எழுதினால் நான்கு உறுப்புகள் வரும். அவற்றில் அ∧அ, ஆ∧ஆ இரண்டும் பூச்சியம். எஞ்சுவது அ∧ஆ + ஆ∧அ = 0. அதாவது, வரிசையை மாற்றினால் குறி மாறுகிறது! வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யச் சொல்லும் அந்த விதி, 'தன் வழியே நகர்ந்தால் பரப்பில்லை' என்ற ஒரே கருத்திலிருந்து தானாகப் பிறந்துவிட்டது. கட்டைவிரலுக்கு இங்கே வேலையே இல்லை.

இதன் வலிமையைக் காண ஒரு கணக்கு. 2ப + 3ம = 13, ப − ம = −1 என்ற ஒருங்கமை சமன்பாடுகளை எடுத்துக்கொள்வோம். ப-வின் கெழுக்களைக் கொண்டு, கிழக்கே 2, வடக்கே 1 என்று செல்லும் துண்டை அ என்க. ம-வின் கெழுக்களைக் கொண்டு, கிழக்கே 3, தெற்கே 1 என்று செல்வதை ஆ என்க. வலப்புற எண்களின்படி கிழக்கே 13, தெற்கே 1 செல்வது இ. இரண்டு சமன்பாடுகளும் சேர்ந்து ப·அ + ம·ஆ = இ என்ற ஒரே வரியாகிவிட்டன. இப்போது வலப்பக்கம் ஆ-வால் பெருக்குங்கள். ஆ∧ஆ பூச்சியம் ஆதலால் ம மறைந்துவிடுகிறது; ப(அ∧ஆ) = இ∧ஆ என்பது மட்டும் நிற்கிறது. கிழக்கு-வடக்குச் சதுரத்தை ஓர் அலகாகக் கொண்டால் அ∧ஆ என்பது 2×(−1) − 1×3 = −5. இ∧ஆ என்பது 13×(−1) − (−1)×3 = −10. எனவே ப = 2. இதே போல இடப்பக்கம் அ-வால் பெருக்கினால் ம(அ∧ஆ) = அ∧இ; அதன் மதிப்பு −15; ம = 3. பள்ளியில் அணிக்கோவை என்று பெயர் சொல்லிக் குறுக்கும் நெடுக்கும் பெருக்கிய கணக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அது ஒரு பரப்பு. மூன்று துண்டுகளைப் பெருக்கினால் அது ஒரு கன அளவு. நான்கு, ஐந்து என்று போனாலும் முறை மாறாது.

முறை மாறாது என்பதை கிராஸ்மன் விளையாட்டாகச் சொல்லவில்லை. நாம் வாழும் வெளிக்கு மூன்று பரிமாணம் என்பது அனுபவத்தில் கண்ட செய்தி. கணிதத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று அவர் 1844இலேயே துணிந்து எழுதினார். பல பரிமாண வெளிகளைப் பற்றி ரீமன் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றியது அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின், 1854இல்.

இனி என் மாணவரின் கேள்விக்கு வருவோம். திருப்புத்திறன் உண்மையில் ஓர் அம்பு அன்று. அது சக்கரத்தின் தளத்திலேயே கிடக்கும் ஒரு பரப்பு. ஆரத் துண்டையும் விசையையும் பெருக்கி வந்த இணைகரம். சுற்றும் திசையும் உடையது. அப்படியானால் செங்குத்தான அம்பு எங்கிருந்து வந்தது? நம் வெளியில் கிழக்கு-வடக்கு, வடக்கு-மேல், மேல்-கிழக்கு என மூன்று அடிப்படைத் தளங்கள் இருக்கின்றன. அடிப்படைத் திசைகளும் மூன்றே. எண்ணிக்கை ஒத்துப்போவதால் ஒவ்வொரு தளத்துக்கும் பதிலாக ஓர் அம்பை நட்டுவைக்க முடிகிறது. இது மூன்று பரிமாணத்தில் மட்டும் கிடைக்கும் வசதி. இரண்டு பரிமாணத்தில் தளம் ஒன்றுதான். நான்கு பரிமாணத்தில் தளங்கள் ஆறு, திசைகளோ நான்கு. அங்கே அம்பு நடும் வித்தை செல்லாது.

மூன்று பரிமாணத்திலும் இந்த அம்பு சில நேரம் காலை வாரிவிடும். மேசைமீது மின்னோட்டம் பாயும் கம்பி வளையம் ஒன்று கிடக்கட்டும். பக்கத்தில் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மேல்நோக்கி நிறுத்திய பென்சில் கண்ணாடியிலும் மேல்நோக்கியே இருக்கும். ஆனால் வளையத்தில் மின்னோட்டம் எதிர்த்திசையில் சுற்றுவதாகத் தெரியும். எனவே வலக்கை விதிப்படி கண்ணாடி வளையத்தின் காந்தப்புல அம்பு கீழ்நோக்கித் திரும்பிவிடுகிறது! இதற்காக நம் நூல்கள் 'அச்சு வெக்டர்' என்று ஒரு தனிச் சாதியை உண்டாக்கி வைத்திருக்கின்றன. காந்தப்புலத்தைச் சுற்றுத்திசை கொண்ட பரப்பு என்று கொண்டிருந்தால் இந்தக் குழப்பமே வராது. காலத்தையும் சேர்த்து நான்கு பரிமாணமாகப் பார்க்கும்போது, மின்புலத்தின் மூன்று கூறுகளும் காந்தப்புலத்தின் மூன்று கூறுகளும் அந்த ஆறு தளங்களில் கச்சிதமாக அமர்கின்றன. மின்னும் காந்தமும் ஒரே பொருளின் இரு முகங்கள் என்று மணிக்கணக்கில் பேசுவதைவிட, இந்த எண்ணிக்கை எனக்கு அதிக நிறைவைத் தருகிறது.

இவ்வளவு நல்ல கருத்தை ஏன் ஒருவரும் படிக்கவில்லை?

இங்கேதான் நூலை விசாரிக்க வேண்டியிருக்கிறது. கிராஸ்மன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவரல்லர். பெர்லினில் இறையியலும் மொழியியலும் படித்தார். கணிதத்தைத் தாமே கற்றுக்கொண்டார். நூலை அவர் தொடங்கும் முறையைப் பாருங்கள். முன்னுரையை அடுத்து, சிந்தனை என்பது என்ன, இருப்பு என்பது என்ன, ஒன்றுபடுவது எது, வேறுபடுவது எது, தொடர்ச்சியானது எது, தனித்தனியானது எது என்று ஒரு நீண்ட தத்துவ அறிமுகம். பிறகு பொதுவான சேர்க்கை முறைகளைப் பற்றிய பகுதி. கோட்டுத்துண்டு அதற்குப் பின்னரே வருகிறது. வடிவியலிலும் இயக்கவியலிலும் உள்ள பயன்களை அவர் சொல்லாமல் விடவில்லை. ஆனால் அவற்றை அத்தியாயங்களின் கடைசியில் வைத்தார். அதற்குள் வாசகர் எழுந்து போயிருப்பார்!

நூலைப் பெற்றவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர். காஸ், இதே போன்ற கருத்துகளில் தாமும் நெடுங்காலத்துக்கு முன்பே ஈடுபட்டதுண்டு என்றும், இந்நூலின் தனிப்பட்ட சொற்களைப் பழகிக்கொள்ளத் தமக்கு நேரமில்லை என்றும் எழுதினார். மோபியஸ் வடிவியலில் இதற்கு நெருங்கிய பணியைச் செய்தவர். கிராஸ்மனிடம் அன்பு காட்டியவர். அவராலேயே தத்துவப் பகுதியைத் தாண்ட முடியவில்லை. மதிப்புரை எழுத மறுத்துவிட்டார். முடிவில் 1845இல் கிராஸ்மனே தம் நூலைப் பற்றி ஓர் இதழில் எழுதிக்கொள்ள நேர்ந்தது. லைப்னிட்ஸின் ஒரு பழைய கருத்தை வளர்ப்பது பற்றி லைப்சிக் நகரின் யப்லனோவ்ஸ்கி கழகம் அறிவித்த பரிசு 1846இல் அவருக்குக் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் போட்டிக்கு வந்த கட்டுரை அது ஒன்றே. 1847இல் பல்கலைக்கழகப் பதவி கேட்டு அரசுக்கு விண்ணப்பித்தார். கருத்துக் கேட்கப்பட்டவர் கும்மர். உள்ளடக்கம் நன்று, சொல்லும் முறை குறையுடையது என்று அவர் எழுதியதோடு விண்ணப்பம் முடிந்தது.

கும்மரின் தீர்ப்பு கொடுமையானது என்று பலர் சொல்வார்கள். வகுப்பறையில் நிற்பவன் என்ற முறையில் என்னால் அதை முழுவதும் மறுக்க முடியவில்லை. உள்ளடக்கத்தின் அளவை அவர் உணரவில்லை என்பது பெரும் பிழை. சொல்லும் முறையைப் பற்றி அவர் சொன்னதில் பிழையில்லை.

இதிலே தமிழில் அறிவியல் படிக்கும் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. கிராஸ்மன் கலைச்சொற்களை லத்தீனிலிருந்து கடன் வாங்காமல், கூடுமானவரை ஜெர்மன் மொழியிலேயே ஆக்கினார். வீழலை 'நிழல்' என்றார். நல்ல சொல்தானே! தாய்மொழியில் சொல் படைத்ததால் நூல் தோற்றது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'புறப் பெருக்கல்' என்று அவர் ஜெர்மனில் ஆக்கிய சொல்லை இன்று உலகமே மொழிபெயர்த்து வழங்குகிறது. பொருளைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே சொற்களை அடுக்கிக்கொண்டே போனதுதான் குறை. முதற்பக்கத்தில் மேலே நாம் செய்த ப, ம கணக்கு ஒன்றை வைத்திருந்தால் காஸுக்குக்கூட நேரம் கிடைத்திருக்கலாம்.

குறையை அவரும் ஒருவாறு உணர்ந்தார். நூல் முழுவதையும் திரும்ப எழுதி, 1862இல் தம் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டார். இப்போது தத்துவத்தை அடியோடு எடுத்துவிட்டார். யூக்ளிட் பாணியில் வரையறை, தேற்றம், நிறுவல் என்று மூச்சுவிடாமல் செல்கிறது நூல். ஒரு பள்ளத்திலிருந்து ஏறி எதிர்ப் பள்ளத்தில் விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆயினும் இன்று கல்லூரி நேரியல் இயற்கணிதத்தில் முதற்பருவத்தில் கற்பிக்கும் பலவும் அதில் உள்ளன. சார்பற்ற துண்டுகள், அடிப்படைத் தொகுதி, இரண்டு உள்வெளிகளின் பரிமாணங்களுக்கு இடையேயுள்ள தொடர்பு, பின்னாளில் ஷ்டைனிட்ஸ் பெயரால் வழங்கும் மாற்றீட்டுத் தேற்றம் ஆகியவற்றை அவர் எழுதிவிட்டார். படித்தவர்தாம் இல்லை.

அவர் சும்மா இருந்துவிடவும் இல்லை. 1853இல் நிறக்கலவை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எந்த ஒளி நிறத்தையும் மூன்று அளவுகளால் குறிக்கலாம். ஒளிகளைக் கலப்பது அந்த அளவுகளைக் கூட்டுவதே என்பது அதன் சாரம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றே புள்ளிகளைக் கொண்டு தொலைக்காட்சித் திரை பற்பல வண்ணங்களைக் காட்டுவது இந்த விதிகளின்படிதான். பிறகு கணிதத்தில் மனம் சலித்து வடமொழிக்குப் போனார். 1873 முதல் 1875 வரை வெளிவந்த அவருடைய ரிக்வேத அகராதி உடனே போற்றப்பட்டது. 1876இல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது, மொழியியலுக்காக! இயற்கணிதத்தில் முப்பது ஆண்டு காத்திருந்தவருக்கு மொழியியலில் மூன்றே ஆண்டில் வாசகர் கிடைத்தனர்.

இயற்கணித வாசகர்கள் மெல்ல மெல்லவே வந்தனர். ஹாங்கல் 1867இல் தம் நூலில் அவரை எடுத்துப் பேசினார். இங்கிலாந்தில் கிளிஃபர்ட் 1878இல் கிராஸ்மனின் பெருக்கலையும் ஹாமில்டனின் குவாட்டர்னியன்களையும் இணைத்துப் புதிய இயற்கணிதம் ஒன்றை அமைத்தார். இத்தாலியில் பியானோ 1888இல் கிராஸ்மனின் கருத்துகளைத் தெளிவாக எடுத்து எழுதி, அந்நூலிலேயே நேரியல் வெளியின் வரையறையை அடிப்படை விதிகளாகத் தந்தார். பிரான்சில் எலி கார்ட்டான் 1899 முதல் புறப் பெருக்கலை நுண்கணிதத்தோடு சேர்த்து வகையீட்டு வடிவங்களை உருவாக்கினார். இன்றைய வடிவியலும் சார்பியலும் இவை இல்லாமல் நகரா.

இயற்பியலில் இன்னும் வியப்பான ஓரிடத்தில் அப்பெருக்கல் தலைகாட்டுகிறது. ஓர் அணுவில் இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது பௌலி 1925இல் கண்ட விதி. எலெக்ட்ரான்களின் அலைச்சார்பு இரண்டை இடம் மாற்றினால் குறி மாறுகிறது. அப்படியானால் ஒரே நிலையை இரண்டு முறை எடுத்தால்? அ∧அ = 0. துண்டைத் தன் வழியே நகர்த்தினால் பரப்பில்லை என்ற ஷ்டெட்டின் ஆசிரியரின் வாக்கியமே, தனிம அட்டவணையை அடுக்கடுக்காக நிறுத்தி வைத்திருக்கிறது.

ஆனால் கல்லூரி வகுப்பறைக்கு வந்தது கிராஸ்மனின் பெருக்கல் அன்று. 1881இலும் 1884இலும் அமெரிக்கப் பேராசிரியர் கிப்ஸ் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட வெக்டர் குறிப்புகளே நம் பாடநூல்களின் மூலம். மாக்ஸ்வெல்லின் நூலில் கண்ட குவாட்டர்னியன்களிலிருந்து தமக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்துக்கொண்டவர் அவர். கிராஸ்மனைப் பின்னரே படித்தார். படித்தபின் பெரிதும் மதித்தார். 1891இல் 'நேச்சர்' இதழில் அவருக்காக வாதாடவும் செய்தார். அதற்குள் செங்குத்து அம்பு வேரூன்றிவிட்டது. 1844இன் நூல் படிக்கத்தக்கதாக இருந்திருந்தால், கிப்ஸ் குறிப்பெழுத அமர்வதற்கு முன் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கிடைத்திருக்கும். அம்புக்குப் பதில் பரப்பே பாடநூலுக்கு வந்திருக்கக்கூடும். அந்த மாணவரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்.

நான் இப்போது வலக்கை விதியை விட்டுவிடவில்லை. தேர்வுத்தாள் அதைத்தான் கேட்கிறது. ஆனால் கட்டைவிரலை நீட்டுவதற்கு முன் கரும்பலகையில் இணைகரத்தை வரைந்துவிடுகிறேன்.

நூலைப் படிக்க விரும்பும் வாசகருக்கு ஒரு வார்த்தை. 1844ஆம் ஆண்டு நூலை லாயிட் கன்னன்பெர்க் ஆங்கிலத்தில் பெயர்த்து 1995இல் வெளியிட்டிருக்கிறார். முன்னுரையை அவசியம் படியுங்கள். கோட்டில் மூன்று புள்ளிகளில் தொடங்கி, தந்தையின் செவ்வகத்தைக் கடந்து, 1840இல் தாம் எழுதிய கடல் ஓதம் பற்றிய ஆய்வில் இம்முறையால் கணக்குகள் எப்படிச் சுருங்கின என்பது வரை, கிராஸ்மன் அங்கே ஒரு நல்ல ஆசிரியராகவே பேசுகிறார். அதையடுத்து வரும் தத்துவ அறிமுகத்தை மோபியஸே தாண்டவில்லை; நீங்களும் அதில் நிற்க வேண்டாம். நேரே கோட்டுத்துண்டு வரும் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள்.